ஆத்தங்கரையில விழுந்தா யார் பணம் தருவாங்க? அட்வென்ச்சர் பைக் எடுக்கப் போறவங்களுக்கு ஒரு ஆடிட்டரின் கணக்கு

முன்னாடி எல்லாம் சம்பளம் ஏறின உடனே தஞ்சாவூர்ப் பக்கத்துப் பசங்க என்கிட்ட கேக்கிற கேள்வி ரெண்டுதான். மனை வாங்கலாமா, கார் வாங்கலாமா. இப்போ மூணாவதா ஒண்ணு சேர்ந்திருக்கு. "சார், ஒரு அட்வென்ச்சர் பைக் எடுக்கலாம்னு இருக்கேன். காட்டுப் பாதை, மண் ரோடு எல்லாம் ஓட்டணும். மாசம் பத்தாயிரம் இஎம்ஐ எனக்குப் பிரச்சனை இல்ல. ஓகேவா?"

என் பதில்: தாராளமா ஓட்டுங்க, ஆனா பைக்கைக் கடைசியா வாங்குங்க. ஏன்னு இந்தப் பதிவு முழுக்கச் சொல்றேன். "ஆசைப்படாதே, எஸ்ஐபி போடு" டைப் அட்வைஸ் இதுல வராது. இருபத்தஞ்சு வயசுல ஓட்டாம எப்போ ஓட்டப் போறீங்க? என் கவலை பைக் விலையைப் பத்தினது இல்ல. தார் ரோட்டை விட்டு இறங்கின அடுத்த நிமிஷத்துல உங்க இன்சூரன்ஸ் எவ்வளவு மெலிசா ஆகுதுங்கிறது நிறைய பேருக்குத் தெரியல.

முதல்ல ஊரைப் பாப்போம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை நாலு மாவட்டத்துலயும் கண்ணுக்கு எட்டின வரைக்கும் வயல்தான். காடுன்னு சொல்லணும்னா கோடியக்கரை, அதுக்கு அடுத்து முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. முத்துப்பேட்டைக்குப் படகுலதான் போகணும், பைக்குக்கு அங்க வேலையே இல்ல. சரியான மலைக்காடு வேணும்னா துறையூர் வழியா பச்சமலை, இல்ல நாமக்கல் பக்கம் கொல்லிமலை. ரெண்டுக்கும் தஞ்சாவூர்ல இருந்து போய்ட்டு வரவே ஒரு நாள் ஆகும், அதுல பெரும்பகுதி நல்ல தார் ரோடு.

ஆக, டெல்டாப் பையன் வருஷம் முழுக்க ஓட்டக் கிடைக்கிற மண் பாதை ஆத்தங்கரைதான். கல்லணையில காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய்னு நாலாப் பிரியுது. நம்ம ஊர்ல புது ஆறுன்னு சொல்றோமே, அந்தக் கல்லணைக் கால்வாய் மட்டுமே கிட்டத்தட்ட 148 கிலோமீட்டர். மேட்டூர் அணையோட சேர்த்து 1934ல முடிச்சது. பட்டுக்கோட்டை, பேராவூரணி வரைக்கும் போகுது. ஒவ்வொரு ஆத்துக்கும் ரெண்டு கரை, ஒவ்வொரு கரைமேலயும் லஸ்கர் ரோந்து போன பாதை. கூட்டிப் பாருங்க, எவ்வளவு தூரம் வரும்னு. ரெண்டு பக்கமும் மூங்கில், நாணல், இடையில ஒத்தையடித் தடம். ஏப்ரல், மே மாசத்துல சாயங்காலம் அந்தப் பாதையில போறது எந்த மலைக்கும் குறைஞ்சது இல்லைன்னு நான் சொல்வேன்.

ஜூன் 12 மேட்டூர் திறந்து தண்ணி வந்து சேர்ந்ததும் கதை கொஞ்சம் மாறும். ஐப்பசி, கார்த்திகை மழையில சுத்தமா மாறிடும். டெல்டா மண்ணு மலை மண்ணு மாதிரி இல்ல. களி. நனைஞ்சா சோப்பு, டயர் பட்டையில அப்பி மட்கார்டு வரைக்கும் அடைச்சுக்கும். நல்ல டயரும் பத்தே நிமிஷத்துல வழவழன்னு ஆயிடும். கரையில ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் ஆறடி பள்ளத்துல வயல். அறுவடை சமயத்துல இன்னொரு கூத்து: ரோட்டுமேலயே நெல்லைக் காயப் போட்டிருப்பாங்க. அது தார் ரோடுதான். ஆனா பிரேக் அடிச்சா மணல் மாதிரி வாரி விட்டுரும்.

இன்னொண்ணையும் கவனிங்க. அந்தக் கரையில தினமும் ஓடுற வண்டி எது? டிவிஎஸ் எக்ஸெல். முன்னாடி உர மூட்டை, பின்னாடி புல்லுக்கட்டு, ஓட்டுறவருக்கு அறுபது வயசு. 450 சிசி வண்டி வச்சிருக்கிற நம்ம ஆளு சேத்துல சிக்கி நிக்கும்போது, "தம்பி கொஞ்சம் ஒதுங்கு"ன்னு சொல்லிட்டு அவர் போயிடுவார். எடை கம்மி, சீட்டு உயரம் கம்மி, விழப் போற மாதிரி இருந்தா காலை ஊனிக்கலாம். கிட்டத்தட்ட 200 கிலோ வண்டி களிமண்ல சாய்ஞ்சா தனியாளாத் தூக்கிப் பாருங்க, புரியும். கிண்டலுக்குச் சொல்லல. நம்ம ஊர் மண் பாதைக்குப் பெரிய பைக் தேவைன்னு யாரோ நம்ப வச்சிருக்காங்க, அவ்வளவுதான். ஓட்டக் கத்துக்கிறதுக்கு இப்போ வீட்ல நிக்கிற 125 சிசி போதும்.

இப்போ பணக் கணக்கு

ஷோரூம் விலை 3 லட்சம்னு ஒரு ரவுண்டு தொகை வச்சுக்குவோம். 2025 செப்டம்பர் 22ல இருந்து 350 சிசிக்கு மேல இருக்கிற பைக்குக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். 350 சிசி வரைக்கும் 18 சதவீதம்தான். அதாவது அந்த 3 லட்சத்துக்குள்ளயே சுமார் ரூ.85,700 வரி. அதுக்கு மேல நம்ம மாநிலச் சாலை வரி, ஒரு லட்சத்துக்கு மேல விலை உள்ள பைக்குக்கு 12 சதவீதம், ரூ.36,000. இன்சூரன்ஸ், பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து கையில வர்றப்போ 3.6 லட்சம். இதுல மூணுல ஒரு பங்கு வரி. அந்தப் பங்கை எந்தக் காலத்துலயும் வித்து எடுக்க முடியாது.

ரூ.60,000 முன்பணம் கட்டி 3 லட்சம் லோன் போடுறீங்க. 12 சதவீதம், 36 மாசம், குறையும் நிலுவைக்கு வட்டி. இஎம்ஐ சுமார் ரூ.9,964, மொத்த வட்டி ரூ.58,700. இதே லோனை "வெறும் 9 பர்சன்ட் சார்"னு ஒருத்தர் கொடுப்பார். அது ஃபிளாட் ரேட். முழு 3 லட்சத்துக்கும் மூணு வருஷம் வட்டி போட்டா ரூ.81,000. இஎம்ஐ ரூ.10,583. உண்மையான வட்டி 16 சதவீதத்துக்கும் கொஞ்சம் மேல. ஒன்பதைக் காட்டி பதினாறை வாங்குறது இப்படித்தான் நடக்குது. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி "மொத்தமா எவ்வளவு கட்டுவேன்?"னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க, போதும்.

மூணு வருஷம் முடிஞ்சதும் இன்சூரன்ஸ் அட்டவணைப்படி வண்டியோட மதிப்பு 40 சதவீதம் குறைஞ்சிருக்கும். சந்தை விலை கொஞ்சம் கூடலாம், குறையலாம். 3 லட்சம் 1.8 லட்சம் ஆகுது. நீங்க போட்டது 3.6, அதோட வட்டி 58,700. போனது ஏறக்குறைய 2 லட்சத்து 39 ஆயிரம். இதே காலத்துல 1.3 லட்சத்துக்கு ரொக்கமா வாங்கின சாதாரண பைக்ல, அதே கணக்குப்படி, போறது 64 ஆயிரம். வித்தியாசம் 1.75 லட்சம்.

இப்போ ஒரு நேர்மையான கேள்வி. வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர் நிஜமாவே மண் பாதையில ஓட்டுவீங்க? சென்னையிலயோ பெங்களூர்லயோ வேலை, ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா ஊருக்கு வர்றீங்க. தடவைக்கு 40 கிலோமீட்டர்னு வச்சா வருஷத்துக்கு 240, மூணு வருஷத்துக்கு 720. அந்த 1.75 லட்சத்தை 720ஆல வகுத்தா, மண் பாதையில ஒரு கிலோமீட்டருக்கு சுமார் ரூ.240. பெட்ரோல் தனி. இந்த எண்ணைப் பாத்த பிறகும் "பரவாயில்ல, எனக்கு அது வேணும்"னு தோணுச்சுன்னா வாங்குங்க, அதுல தப்பே இல்ல. உங்க காசு, உங்க சந்தோஷம். வாரா வாரம் ஓட்டுறவங்களுக்கு இந்தக் கணக்கு வேற மாதிரி வரும், அதையும் சொல்லணும்.

(இடையில ஒண்ணு: "சார், பைக் தேய்மானத்தை வரியில காட்டலாமா?" சம்பளக்காரருக்குக் கிடையாது. லோன் வட்டியும் கிடையாது. சொந்தத் தொழில் இருந்து, வண்டி அந்தத் தொழிலுக்கு ஓடினாத்தான் அந்தப் பேச்சே.)

விழுந்தா என்ன ஆகும்

இதுக்காகத்தான் இந்தப் பதிவே. தார் ரோட்டு விபத்துல பெரும்பாலும் எதிர்ல இன்னொரு வண்டி இருக்கும். தப்பு அவர் மேலன்னா, அவரோட மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் உங்களுக்கோ உங்க குடும்பத்துக்கோ இழப்பீடு தரும். லட்சக்கணக்குல தீர்ப்பாயம் தர்றது அப்படித்தான். ஆத்தங்கரையில என்ன நடக்கும்? நீங்க தனியா வழுக்கி விழுவீங்க. எதிர்ல வண்டியும் இல்ல, வழக்குப் போட ஆளும் இல்ல. 2025 ஜூலையில உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவாச் சொல்லிடுச்சு: தன்னோட சொந்த வேகத்தாலயும் கவனக்குறைவாலயும் வண்டியைக் கவிழ்த்து இறந்தவரோட குடும்பம் இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட அந்த இழப்பீட்டைக் கேக்க முடியாது. அது கர்நாடகாவுல நடந்த ஒரு கார் விபத்து. பைக்குக்கும் அதே தத்துவம்தான்.

அப்போ உங்களுக்குன்னு மோட்டார் பாலிசியில என்ன இருக்கு? 'உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீடு'ன்னு ஒரே ஒரு வரி. 15 லட்சம். இறந்தா முழுசு, ரெண்டு கையோ ரெண்டு காலோ ரெண்டு கண்ணோ போனா முழுசு, ஒண்ணு போனா பாதி. எலும்பு முறிவு, ஆபரேஷன், மூணு மாசம் படுக்கை, இதுக்கெல்லாம் அதுல ஒரு ரூபாய் கிடையாது.

இதுல பலருக்கும் தெரியாத ஒரு ஓட்டை இருக்கு. "புது வண்டிக்கு 5 வருஷ இன்சூரன்ஸ் போட்டாச்சு சார், கவலை இல்ல"ம்பாங்க. 2018 செப்டம்பர்ல இருந்து புது டூவீலருக்கு 5 வருஷம் கட்டாயம்ங்கிறது மூன்றாம் நபர் பகுதி மட்டும்தான். 2022ல நிர்ணயிச்ச கட்டணப்படி 350 சிசிக்கு மேலன்னா அதுக்கே ரூ.15,117. 150 சிசிக்குள்ளன்னா ரூ.3,851. வண்டிச் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குத்தான் போடுவாங்க. தனிநபர் விபத்துக் காப்பீடும் பெரும்பாலும் அப்படித்தான். ரெண்டாவது வருஷம் யாரும் போன் பண்ணி ஞாபகப்படுத்தலன்னா ரெண்டும் அமைதியாக் காலாவதி ஆயிடும். கையில பளபளன்னு 2030 வரைக்கும் தேதி போட்ட பேப்பர் இருக்கும். அது நீங்க அடுத்தவரை இடிச்சா அவருக்குப் பணம் தர்ற பேப்பர். உங்களுக்கு இல்ல.

நண்பனோட பைக்கை வாங்கி ஓட்டுறவங்க இதை ரெண்டு தடவை படிங்க. அந்த 15 லட்சம் வண்டி உரிமையாளர் ஓட்டினா உரிமையாளருக்கு. கடன் வாங்கி ஓட்டுறவர் உரிமையாளரோட இடத்துல நிக்கிறார், அதனால அவர் மூன்றாம் நபர் ஆகமாட்டார்னு உச்ச நீதிமன்றம் 2009லயே சொல்லி, 2020ல திரும்பவும் உறுதி பண்ணியிருக்கு. அதாவது நண்பன் வண்டியில நீங்க தனியா விழுந்தா, நீங்க மூன்றாம் நபரும் இல்ல, உரிமையாளரும் இல்ல. நடுவுல தொங்குறீங்க. பின்னாடி உக்காந்து வர்றவர் நிலைமை? முழுப் பாலிசி இருந்தா அவருக்குப் பாதுகாப்பு உண்டு. 'லையபிலிட்டி மட்டும்' பாலிசின்னா சும்மா கூட வர்ற பில்லியனுக்கு அது பொருந்தாதுன்னு 2006லயே தீர்ப்பு வந்தாச்சு. உங்க தங்கச்சியையோ கட்டிக்கப் போற பொண்ணையோ பின்னாடி உக்கார வைக்கிறப்போ பாலிசியோட தலைப்பை ஒரு தடவை பாருங்க.

என்கிட்ட வருமான வரிக் கணக்கு கொடுக்கிற ஒரு பையன், வயசு 27, மன்னார்குடிப் பக்கம், கோயம்புத்தூர்ல வேலை. தீபாவளி லீவுக்கு வந்தவன் நண்பனோட பைக்ல வெண்ணாத்துக் கரையில போயிருக்கான். முந்தின நாள் மழை. பெரிய வேகம் எல்லாம் இல்ல, முன் டயர் வழுக்கி வண்டி கால்மேல விழுந்துடுச்சு. முழங்காலுக்குக் கீழ ரெண்டு எலும்பும் முறிவு, பிளேட் வச்சாங்க. கம்பெனி குரூப் இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரி பில்லைப் பாத்துக்கிச்சு, அது நல்ல விஷயம். ஆனா இருந்த லீவு 19 நாள்தான். மீதி ரெண்டரை மாசம் சம்பளம் இல்ல. அந்த ரெண்டரை மாசமும் தங்கச்சி படிப்புக்கு எடுத்த கல்விக் கடன் தவணை ஓடிச்சு. வீட்ல அப்பா குத்தகைக்கு விவசாயம் பண்றவர், சம்பா நட்டு உரத்துக்கே கடன்ல நிக்கிற மாசம் அது. நண்பனோட வண்டி ரிப்பேர் செலவும் இவன் தலையில. கல்யாணத்துக்குன்னு போட்டு வச்சிருந்த ஆர்டியை உடைச்சான். அவன் கணக்கை நான் பாக்கும்போது எனக்கு உறுத்தினது இதுதான்: வாராந்திர உதவித்தொகை உள்ள ஒரு தனிநபர் விபத்துப் பாலிசி அவன்கிட்ட இருந்திருந்தா அந்த ஆர்டி அப்படியே இருந்திருக்கும்.

அதனால பைக்குக்கு முன்னாடி அந்தப் பாலிசி. மோட்டார் பாலிசியோட சேர்ந்து வர்ற 15 லட்சத்தை நான் சொல்லல. தனியா எடுக்கிறது, நீங்க எந்த வண்டியில இருந்தாலும், நடந்து போனாலும் கூடவே வர்றது. அதுல 'நிரந்தர ஊனம்', 'தற்காலிக முழு இயலாமை' ரெண்டும் இருக்கான்னு பாருங்க. ரெண்டாவதுதான் வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்குப் பணம் தர்றது. சம்பளக்காரனுக்கு அதுதான் உயிர். டேர்ம் பாலிசி இருக்கேன்னு நினைக்காதீங்க. அது நீங்க போனாத்தான் பேசும். இடுப்புக்குக் கீழ அசைவில்லாம நாப்பது வருஷம் வாழ வேண்டியிருந்தா சாதாரண டேர்ம் பாலிசி வாயைத் திறக்காது. தனியா 15 லட்சத்துக்கு விபத்துப் பாலிசி வச்சிருந்தா மோட்டார் பாலிசியில அதை மறுபடி எடுக்க வேண்டிய அவசியமும் இல்ல, 2019ல இருந்து அந்த விதி இருக்கு. ஒண்ணுமே இல்லாதவங்க குறைஞ்சபட்சம் பேங்க் ஆப்பைத் திறந்து வருஷத்துக்கு ரூ.20 கட்டுற பிரதமர் சுரக்ஷா பீமா யோஜனாவைப் போடுங்க, 2 லட்சம் கவர்.

மெடிக்ளெய்ம்ல "சாகச விளையாட்டு விலக்கு" இருக்கேன்னு சிலர் பயப்படுறாங்க. ஹெல்த் பாலிசிகள்ல வர்ற அந்தப் பொது விலக்கு, தொழில்முறையா அந்த விளையாட்டுல ஈடுபடுறவங்களுக்கானது. ஞாயித்துக்கிழமை ஆத்தங்கரையில ஓட்டுறவர் அதுல வரமாட்டார். ஆனா விபத்துப் பாலிசிகள்ல கம்பெனிக்குக் கம்பெனி வாசகம் வேற வேற. வாங்குறதுக்கு முன்னாடி அந்த ஒரு பத்தியைப் படிங்க. மோட்டார் பாலிசியில ரேஸ், வேகச் சோதனை, வண்டியோட தாங்குதிறன் போட்டி இதெல்லாம் விலக்கு. காசு கட்டி நம்பர் ஒட்டிக்கிட்டுப் போற ஆஃப்ரோடு ஈவெண்ட் இதுல மாட்டலாம். விபத்து நடந்தா நம்ம அரசோட 'இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48' திட்டத்துல முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், 2021 டிசம்பர்ல இருந்து நடைமுறையில இருக்கு. கூட இருக்கிற நண்பனுக்கு இது தெரிஞ்சிருக்கணும், உங்களுக்கு அப்போ பேசுற நிலைமை இருக்காது.

வண்டிச் சேதம் பத்திச் சுருக்கமா: மண் பாதையில உடையுறதெல்லாம் இண்டிகேட்டர், மட்கார்டு, லிவர், டயர். பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரிக்கு பாதிதான் தருவாங்க, தேய்மானம் இல்லாத கவர் தனியா எடுத்தா மட்டும் விதிவிலக்கு, அப்பவும் என்னென்ன சேரும்னு கேட்டுக்கோங்க. வாய்க்கால்ல இறக்கி இன்ஜினுக்குள்ள தண்ணி போனா ஸ்டார்ட் பண்ணாதீங்க. தண்ணி புகுந்த பிறகு ஸ்டார்ட் பண்ணி இன்ஜின் போச்சுன்னா அது பின்விளைவுச் சேதம்னு கையை விரிப்பாங்க. தள்ளிக்கிட்டே வாங்க.

காட்டுக்குள்ள வண்டியை விட்டா

கோடியக்கரைக்குப் போறவங்களுக்கு இது. 1967ல வெளிமானுக்காக அறிவிச்ச சரணாலயம். மான், நரி, மட்டக்குதிரை, குளிர்காலத்துல பூநாரை. 2018 நவம்பர் கஜா புயல் அந்தக் காட்டைப் போட்டுப் புரட்டினதை நம்ம ஊர்ல மறந்தவங்க யாரும் இல்ல. ஊருக்குப் போற பொதுச் சாலையில நீங்க போகலாம், வரலாம், அதைச் சட்டமே அனுமதிக்குது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972, பிரிவு 27 பொதுச் சாலை வழியா கடந்து போறவங்களை விட்டுடுது. ஆனா அந்தச் சாலையில இருந்து இறங்கி மண் தடத்துலயோ சேத்துப் பரப்புலயோ ரீல்ஸுக்காக வண்டியை விட்டா அனுமதி இல்லாம நுழைஞ்ச குற்றம். 2022 திருத்தத்துக்குப் பிறகு பொதுவான தண்டனை 3 வருஷம் வரைக்கும் சிறை, இல்ல 1 லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும்.

பணக் கண்ணோட பாத்தா அதைவிடப் பெரிய அடி வேற. குற்றத்துக்குப் பயன்பட்ட வண்டியைப் பறிமுதல் பண்ணலாம், பறிமுதலான வண்டி அரசாங்கச் சொத்துன்னு பிரிவு 39 சொல்லுது. நீதிமன்றம் போய் இடைக்காலமா வண்டியை எடுக்க வழி இருக்கு. ஆனா வக்கீல் ஃபீஸ், அலைச்சல், எத்தனை மாசம்? பேங்குக்கு இதெல்லாம் தெரியவேண்டிய அவசியம் இல்ல. அஞ்சாம் தேதி இஎம்ஐ எடுத்துரும். மோட்டார் பாலிசி தீ, திருட்டு, விபத்து, வெள்ளம்னு ஒரு பட்டியல் வச்சிருக்கு. அந்தப் பட்டியல்ல அரசாங்கப் பறிமுதல் கிடையாது. ரிட்டர்ன்-டு-இன்வாய்ஸ் கவர் எடுத்திருந்தாலும் உதவாது. அரசு வேலைக்குப் படிக்கிறவங்க, பாஸ்போர்ட்டுக்குப் போட்டிருக்கிறவங்க ஒரு வனக் குற்ற வழக்கோட விலையைத் தனியாக் கணக்குப் போட்டுக்கோங்க.

"யாரும் பாக்க மாட்டாங்க"ன்னு சொல்றவர் அந்த வீடியோவை அவரே அப்லோடு பண்றார், அதான் வேடிக்கை. காட்டுல மாட்டிக்கிறது ஃபைனோட முடியிற விஷயமும் இல்ல. 2018 மார்ச்ல குரங்கணியில அனுமதி இல்லாம மலையேறப் போனவங்க காட்டுத் தீயில மாட்டி இருபதுக்கும் மேல உயிர் போச்சு. கேட்டுட்டுப் போங்க. வனச்சரக அலுவலகத்துல கேட்டா எந்தப் பாதை திறந்திருக்கு, எது இல்லன்னு சொல்லுவாங்க.

ஆத்தங்கரைக்கும் ஒரு வார்த்தை. அது நீர்வளத் துறையோட பொறுப்புல இருக்கிற கரை, நம்ம ரேஸ் டிராக் இல்ல. ஈரமா இருக்கும்போது பத்து பைக் போனா தடம் விழும், அந்தத் தடத்துல மழைத்தண்ணி இறங்கும், கரை அரிக்கும். கார்த்திகையில கரை உடைஞ்சா மூழ்குறது யாரோ ஒருத்தர் ஏக்கருக்கு முப்பதாயிரத்துக்கும் மேல போட்டு நட்ட சம்பா. அது உங்க சித்தப்பா வயலாவும் இருக்கலாம். காய்ஞ்ச மாசத்துல ஓட்டுங்க. மழை மாசத்துல கொல்லிமலை போங்க, 70 கொண்டை ஊசி வளைவும் தார் ரோடுதான்.

சரி, 3.6 லட்சம் தயாரா வச்சிருக்கேன், என்ன பண்றதுன்னு கேட்டா நான் சொல்றது இப்படி. அதுல இருபது, இருபத்தஞ்சாயிரத்தை உடம்புக்கு ஒதுக்குங்க. ஐஎஸ்ஐ முத்திரை உள்ள முழுமுக ஹெல்மெட், கணுக்காலை மூடுற பூட்ஸ், முழங்கால் கார்டு, கையுறை. அந்தப் பையனுக்கு முறிஞ்ச இடம் எதுன்னு மேல பாத்தீங்க, செருப்போட போனான். விபத்துப் பாலிசி, சொந்தமா ஒரு ஹெல்த் பாலிசி, கம்பெனி குரூப் கவர் வேலையோட போயிடும். மூணு மாசச் சம்பளம் லிக்விட் ஃபண்ட்லயோ ஸ்வீப் டெபாசிட்லயோ. இதெல்லாம் முடிஞ்சதும் இப்போ இருக்கிற வண்டிக்கு ரெண்டு நல்ல டயர் மாத்தி ஆறு மாசம் ஓட்டுங்க. ஆறு மாசத்துக்கு அப்புறமும் வாரா வாரம் ஓட்டுறவரா இருந்தா 350 சிசிக்குக் கீழ ஒரு இலகுவான வண்டி எடுங்க, 18 சதவீத வரியோட. லடாக் போகணும்னா அங்க போய் வாடகைக்கு எடுத்துக்கலாம், ஓட்டிக்கிட்டே போகணும்னு எந்த சாமியும் கேக்கல.

வாடகைக்கு எடுக்கும்போது நம்பர் பிளேட்டைப் பாருங்க. கறுப்புப் பலகையில மஞ்சள் எழுத்து இருக்கணும். வெள்ளைப் பலகை வண்டியை நாளுக்கு ஆயிரம்னு யாராவது கொடுத்தா, அது தனியார் வண்டி. வாடகைக்கு விட்டதாத் தெரிஞ்சா வண்டிச் சேத க்ளெய்ம் நிக்காது, ரிப்பேர் செலவு முழுக்க உங்ககிட்ட வரும்.

உங்க பாலிசியை இன்னைக்கு ராத்திரியே டிஜிலாக்கர்லயோ மெயில்லயோ தேடி எடுங்க. முதல் பக்கத்துல மூணு தேதி இருக்கும்: மூன்றாம் நபர் பகுதி முடியிற தேதி, வண்டிச் சேதப் பகுதி முடியிற தேதி, தனிநபர் விபத்துப் பகுதி முடியிற தேதி. மூணும் ஒரே தேதியா இல்லன்னா, முதல்ல முடியிறது எதுன்னு பாத்து காலண்டர்ல ஒரு மாசம் முன்னாடியே குறிச்சு வச்சுக்கோங்க.